கப்பலுக்கு எழுதிக் கொடுத்த நிலம்

எங்கள் கடலுக்குப் பெரிய கப்பல் வராது. ராமேஸ்வரத்தில் நின்று பார்த்தாலும் மண்டபத்தில் நின்று பார்த்தாலும் தெரிவது வள்ளமும் விசைப்படகும்தான். பாம்பன் பாலத்தைத் தூக்கினால் எப்போதாவது ஓர் இழுவைப்படகு மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும். கன்டெய்னர் ஏற்றிய கப்பல்களுக்கு இங்கே ஆழம் போதாது, அவை இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். அப்படி ஒரு கப்பலைக் கண்ணால்கூடப் பார்க்காத ஊர்க்காரர்களிடம் போய், அந்தக் கப்பலுக்கு விறகு கொடுங்கள் என்று கேட்பதுதான் என் வேலை.

விறகு என்று சொன்னால் சென்னையில் இருக்கும் என் மேலதிகாரிக்குப் பிடிக்காது. "மூலப்பொருள்னு சொல்லுங்க மேடம்" என்பார். சொல்லிப் பார்த்தேன். நயினார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் போய் மூலப்பொருள் என்று ஆரம்பித்தால், மூலத்துக்கு மருந்து விற்க வந்தவளோ என்று பார்க்கிறார்கள். விறகுக்கே திரும்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் மாவட்டத்தை வளைத்துப்போட்டிருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, தூளாக்கி, வாயுவாக்கி, அதிலிருந்து மெத்தனால் என்ற எரிபொருளை எடுப்பார்கள். கப்பல்கள் இப்போது குடிக்கிற கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாக அதைக் குடிக்கும். வெட்டின மரம் அடியிலிருந்து மறுபடி தழைக்கும். விட்ட புகையை வளர்கிற மரம் திரும்ப இழுத்துக்கொள்ளும். கேட்பதற்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் நம்பித்தான் சேர்ந்தேன், இன்னமும் நம்புகிறேன். நம்பாமல் இருந்தால் பாதித் தொல்லை விட்டிருக்கும்.

அதற்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தேன். அம்மா இறந்தபின் ஊரில் அய்யா தனியாகிவிட்டார். ராமநாதபுரத்திலேயே இருந்து பார்க்கிற வேலை என்று இது வந்ததும் விழுந்தடித்து ஓடிவந்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை அலுவலகம். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் வெயில் தாழ்வதற்குள் ஊரில் இருக்கலாம். இந்த வேலை போனால் சென்னைதான், வேறு போக்கில்லை என்று அய்யாவிடம் ஒருமுறை சொல்லிவைத்தேன். அவர் அதை மறக்கவே இல்லை.

வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, நான் சேர்ந்தது வேலையில் அல்ல, ஒரு வட்டத்தில் என்று. கப்பல் கம்பெனியைக் கேட்டால், எரிபொருள் எங்கே, காட்டுங்கள், வாங்குகிறோம் என்கிறது. எரிபொருள் வேண்டுமென்றால் ஆலை கட்ட வேண்டும். ஆலைக்குக் கடன் தரும் வங்கி, வாங்குவதாகக் கப்பல் கம்பெனியின் கையெழுத்து எங்கே என்கிறது. அதற்கு மேல் இரண்டு பேருமே, விறகு தவறாமல் வரும் என்று என்ன உத்தரவாதம் என்கிறார்கள். விறகுக்காரர்களைக் கேட்டால், முதலில் ஆலையைக் கட்டுங்கள் அம்மா, பிறகு பார்ப்போம் என்கிறார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை. அந்தப் பைத்தியத்துக்குத் துணைக்கு வைத்த ஆள் நான்.

விறகோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. சரக்கு ஏற்றுகிறவர்கள் கேட்டால்தான் கப்பல்காரன் அசைவான் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். எங்கள் சரக்கு புகை குறைந்த கப்பலில் போகட்டும், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை என்று ஏற்றுமதிக்காரர்களிடம் கடிதம் வாங்கச் சொல்லி என்னை மண்டபத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் நண்டுச் சதையைப் பதப்படுத்தி, தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறார். மரியாதையான மனுஷர். ஆலைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நண்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் நான் கத்தி விளக்கினேன்.

"எம் பெட்டி ஏறுற கப்பல் என்னத்தக் குடிச்சா எனக்கென்னம்மா? சரக்கு கெடாமப் போய்ச் சேரணும், அவ்வளவுதான்" என்றார்.

"உங்ககிட்ட வாங்குறவங்களே இப்பல்லாம் கேக்குறாங்களே சார்."

"கேப்பாக. அதுக்குக் கூடக் குடுப்பீகளான்னு திருப்பிக் கேட்டா லைன் கட்டாயிரும்." சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். "நான் மாட்டேன்னு சொல்லல. வேற யாராச்சும் ஒருத்தர் முதல்ல போடட்டும். ரெண்டாவது கையெழுத்து என்னுது."

டீ வரவழைத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் சேலையெல்லாம் நண்டு வாடை. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். நான் பார்த்த அத்தனை பேரும் இரண்டாவது கையெழுத்துக்குத் தயாராக இருந்தார்கள். முதல் கையெழுத்துக்குத்தான் ஆள் இல்லை. அதை யாரிடம் வாங்குவது என்று நான் திகைத்துக்கொண்டிருந்தபோதுதான் அய்யா வந்து வலையில் விழுந்தார்.

எங்கள் நிலம் கண்மாய்ப் பாசனம். மழை பொய்த்தது, கண்மாய் மேடிட்டது, அம்மா படுக்கையில் விழுந்தாள், எல்லாம் அடுத்தடுத்து வந்தது. உழாமல் விட்ட வயலில் சீமைக்கருவை புகுந்தது. புகுந்தால் அது ஒண்டவந்த பிடாரிதான், ஊர்ப்பிடாரியை விரட்டிவிடும். ஆனால் நிலம் தரிசாகிவிட்டது என்று அய்யா ஒரு நாளும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "ஓய்வு குடுத்திருக்கேன். அடுத்த வருஷம் போடுவோம்" என்பார். ஒவ்வொரு வருஷமும் அதே அடுத்த வருஷம். எங்கள் பக்கத்தில் பயிர் வைக்காதவனைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் சம்சாரி ஒருவன் தன் வாயால் தன் நிலத்தைத் தரிசு என்று சொல்வது, பெற்ற பிள்ளையை உதவாக்கரை என்று சபையில் சொல்வது மாதிரி. நினைத்தாலும் வாய் வராது.

போன வருஷம் கண்மாயைத் தூர்வாரினார்கள். தண்ணீர் நின்றது. பக்கத்து வயல்காரரான சித்தப்பா, அய்யாவின் பங்காளி, ஜேசிபி வைத்துக் கருவையை வேரோடு பறித்துவிட்டு நெல் விதைத்து, வீடு நிறைய அள்ளினார். அய்யா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த வருஷம் ஆடியில், விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டக்காரரிடம் வெட்டுக்கு விடுவது, ஆவணியில் வேரைப் பறிப்பது, புரட்டாசியில் மழைக்கு முந்திப் புழுதியில் விதைப்பது என்று முடிவு செய்தார். விதைநெல்லும் வாங்கி வந்துவிட்டார். அந்த மூட்டையை எலிக்குப் பயந்து, நான் ஊருக்குப் போனால் படுக்கிற அறையில் பலகை போட்டு ஏற்றி வைத்திருந்தார். படுத்தால் நெல் வாசம் வரும். மனசுக்கு நன்றாக இருந்தது.

அதே சமயத்தில்தான் நான் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனி கேட்டது ஒரு சம்மதம். மரத்தை நாங்கள் சொல்லும்போதுதான் வெட்ட வேண்டும், வேரைப் பறிக்கக் கூடாது. தழைத்துத் தழைத்து வந்தால்தானே ஆலைக்குத் தவறாமல் விறகு வரும்? பயிர் வைக்கிற எண்ணமே இல்லாத மேட்டு நிலங்களை மட்டும் குறித்துக்கொண்டுதான் போனேன். போன இடமெல்லாம் ஒரே கேள்வி.

"ஒங்க அய்யா எழுதிட்டாரா?"

எங்கள் நிலம் வேறு மாதிரி, அது பாசன நிலம் என்று விளக்குவேன். தலையாட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, "சரித்தா, அவரு எழுதட்டும்" என்பார்கள். இது எப்படியோ அய்யா காதுக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது, "அடுத்த வாரம் வரும்போது நம்ம நிலத்தையும் எழுதிக்கிட்டு வா ஆத்தா" என்றார்.

"வேணாம்யா. நீங்க விதைக்கணும்ல."

"விதைக்கலாம், விதைக்கலாம். பெத்தவனே நம்பலன்னு நாலு பேரு சொல்லிட்டா, நீ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அடுத்தவன் வாசல்ல போய் நிப்ப?"

நான் சண்டை போட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த வாரம் நான் எழுதிக்கொண்டு போகவில்லை. அவரே ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி வந்து, மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த மாதமே எங்கள் ஊரில் பாதிப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். சென்னையிலிருந்து மேலதிகாரி என்னைப் பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு, அய்யாவின் தாளை அடுக்கின் அடியில் வைத்தேன்.

ஆடியில் கரிமூட்டக்காரர் வந்து, "வெட்டுக்கு விடுறீகளா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார். ஆவணியில் சான்று கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தான். வடக்கே எங்கோ ஊர், தமிழ் தெரியாது, நல்ல பையன், வெயிலில் தக்காளி மாதிரி சிவந்துபோனான். அவன் சரி என்றால்தான் இந்த விறகிலிருந்து வரும் எரிபொருள் சுத்தமானது என்று கப்பல் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். அவன் ஆங்கிலத்தில் கேட்பான், நான் தமிழில் கேட்டு அவனுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். உணவு விளைகிற நிலத்தைக் கெடுத்து வளர்த்த மரமாக இருக்கக் கூடாது. உதவாத நிலத்தில் தானாக வந்த மரமாக இருக்க வேண்டும். அவன் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்.

முதல் நிலம் எங்களுடையது. எழுதிக் கொடுத்த ஊர்க்காரர்கள் வரப்பில் நின்றார்கள். சித்தப்பாவும் நின்றார். அய்யா வெள்ளை வேட்டி கட்டி, துண்டு போட்டு, மாப்பிள்ளை வீட்டாரை எதிர்பார்ப்பவர் மாதிரி இருந்தார். வயலில் முந்தின நாளே கால் வைக்க வழி செய்து, முள்ளையெல்லாம் கவைக்கம்பால் ஒதுக்கியிருந்தார்.

"இது தரிசு நிலமான்னு கேக்குறாருய்யா" என்றேன்.

"தரிசா? எவன் சொன்னது? கண்மாய்த் தண்ணி பாயிற நிலம் ஆத்தா இது. ஓய்வுல இருக்கு. இந்த மண்ணுல போட்டது எது வெளையலன்னு கேளு."

பையன் என் வாயைப் பார்த்தான். நான் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஓய்வில் இருக்கிறது என்கிறார் என்றேன். அப்படியென்றால் மறுபடி பயிர் செய்யப் போகிறாரா என்று கேட்டான். ஆமாம் என்றால் எங்கள் நிலம் கழியும், அதைப் பார்த்து மற்றவர்களும் கழன்றுகொள்வார்கள், இத்தனை மாதம் நடந்த நடை வீண். இல்லை என்றால் அது அய்யாவின் வாயிலிருந்து வர வேண்டும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இனிமே பயிர் வைப்பீகளான்னு கேக்குறாரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அய்யா என்னைப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இல்லன்னு சொல்லு. தரிசுதான். எழுதிக்கச் சொல்லு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு செருப்பிலிருந்த முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார். அந்தச் செருப்பில் முள் இருந்ததோ இல்லையோ. பையன் படம் எடுத்தான், அய்யாவுக்குக் கை கொடுத்தான், அடுத்த வயலுக்கு நடந்தான். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தப் பையன் மேல் வந்தது, மேலதிகாரி மேல் வந்தது, கேட்காமல் வந்து கையெழுத்துப் போட்ட அய்யா மேல்தான் அதிகமாக வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது அவர் வழக்கம்போல் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். நான் ஊற்றினேன்.

புரட்டாசி பிறந்தது. இன்னும் சில நாளில் கப்பல் கம்பெனி கையெழுத்துப் போடும் என்று சென்னையில் சொன்னார்கள். போட்டதும், ஆலை எழும்புமுன்பே சோதனைக்கு என்று முதல் வெட்டுக்கு ஆள் வரும், அய்யா கையில் ஏதோ கொஞ்சம் கிடைக்கும், அதையாவது பார்க்கலாம் என்று இருந்தேன். கப்பல் புகைக்கு உலகம் முழுக்க ஒரே விதி கொண்டுவர நாடுகள் எல்லாம் கூடிப் பேசுகின்றன, விதி வந்துவிட்டால் கப்பல்காரர்கள் நம் வாசலில் வரிசையில் நிற்பார்கள் என்றார் மேலதிகாரி. அந்தக் கூட்டத்தில் முடிவெடுக்காமல் ஒத்திவைத்துவிட்டு எழுந்து போனார்கள். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமாம். எங்கோ கடல் தாண்டிக் கொட்டியது, எங்கள் கண்மாய்க் கரையில் நெறி கட்டியது.

"தள்ளித்தான் போயிருக்கு மேடம், நின்னு போகல" என்றார் மேலதிகாரி போனில்.

"கப்பல் கம்பெனி என்ன சொல்லுது?"

"அவங்களும் பொறுத்துப் பாக்குறாங்க. அடுத்த வருஷம்னு சொல்றாங்க."

"விவசாயிங்ககிட்ட நான் என்ன சார் சொல்றது?"

"என்ன வேணா சொல்லுங்க, மரத்த மட்டும் விட்டுறாதீங்க. மரம் கையில இருந்தாத்தான் நம்மள பேச்சுக்குக் கூப்பிடுவாங்க."

போனை வைத்துவிட்டு, அலுவலகத்தைப் பூட்டிச் சாவியைக் கீழ்க்கடையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் இரண்டு பக்கமும் கருவைதான். முன்பெல்லாம் அதைப் பார்த்தால் இவ்வளவு விறகு என்று கணக்குப் போடுவேன். அன்றைக்கு வேலி மாதிரி இருந்தது, பஸ் அதற்குள் மாட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. பஸ்ஸிலிருந்தே ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டேன். நாளைக்கு இரண்டு வண்டி தருகிறேன் என்றார்.

அய்யா வயலில் இருந்தார். சித்தப்பா வயலில் டிராக்டர் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே சித்தப்பா நெல்லைத் தூவிக்கொண்டு போனார். அய்யா எங்கள் வரப்பில் கருவை நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "வெட்டிருங்கய்யா. வேரோட பறிச்சிருவோம். வண்டிக்குச் சொல்லிட்டேன். மழைக்கு முந்தி ஆகாதா?"

"ஆகும். ரெண்டு வண்டி விட்டா ஆகும்" என்றார்.

"அப்பறம் என்ன?"

"நான் வெட்டுனன்னா ஊரே வெட்டும். அப்பறம் நீ எதக் காட்டி அவுகளோட பேசுவ? வேல போயிரும். மெட்ராசுக்குப் போயிருவ."

"போனா போறேன்யா."

"போகாத" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் அவரை விடுவிக்கத்தான் வந்தேன், அவர் என்னைக் காரணம் காட்டிக் கதவைச் சாத்திவிட்டார். உரிமையோடு திட்டியிருந்தால்கூட அழுதுவிட்டுப் போயிருப்பேன். ஜேசிபிக்காரர் திரும்பப் போனில் கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, வா என்று சொல்லவும் வழியில்லை. எடுக்காமல் அடிக்கவிட்டேன்.

டிராக்டர் சித்தப்பாவின் வயலை முடித்துக்கொண்டு எங்கள் வரப்போரம் வந்து நின்றது. டிரைவர் வெளியூர் ஆள். "இங்கன உழவு உண்டா பெரியய்யா?" என்று அய்யாவைக் கேட்டார்.

"இல்லப்பா. இது தரிசு. அங்கிட்டுப் போ" என்றார் அய்யா. மணி கேட்டவனுக்கு மணி சொல்வது மாதிரி சொன்னார்.

சித்தப்பா வந்து நின்றார். அவருக்குக் கடைசிப் பாத்திக்கு விதை போதவில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். அய்யா எழுந்து வீட்டுக்குப் போனார். என் அறையில் இருந்த மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வரப்பில் இறக்கினார்.

"அண்ணே, இது ஒங்களுக்கு வச்சிருந்தது" என்றார் சித்தப்பா.

"வச்சிருந்தா வண்டு விழுந்துரும். போடு."

வாயைக் கட்டியிருந்த சணலை அவரே அவிழ்த்து, விதைப்பெட்டியில் சரித்துக் கொடுத்தார். கடைசிப் பாத்திக்குப் போனது போக மிச்சத்தையும் நெருக்கி விதைக்கச் சொன்னார். சாக்கு காலியானதும் உதறினார். அப்புறம்தான் என்னிடம் கேட்டார்.

"கப்பல்காரன் எப்பன்னு சொன்னானாம்?"

"அடுத்த வருஷம்னு சொல்றாகய்யா."

அய்யா எங்கள் வயலைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"நான் சொன்னதையே சொல்றான்" என்றார். "அவன் வரமாட்டான் ஆத்தா. இருந்தாலும் மரம் நிக்கட்டும்."

சாக்கை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சைக்கிளைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, வீட்டைப் பார்க்க எனக்கு முன்னால் நடந்தார். வயலுக்குக் குறுக்கே அவர் ஒதுக்கியிருந்த வழியில் கருவை மறுபடி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிளையை முள் படாமல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, நான் கடந்து போகும்வரை நின்றார்.